டோரிஸுக்காக நான் நிரப்பிய தாள்

டோரிஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் பேச்சை எடுத்தாலே என் பொறாமைதான் முந்திக்கொண்டு வருகிறது. வரட்டும். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் பாதிக் கதை பொய்யாகிவிடும்.

அவள் என் கொழுந்தன் பெர்னார்டின் மனைவி. சிம்பாங் ரெங்கத்துப் பெண். அப்பா அன்னாசி லோரி ஓட்டியவர். அம்மா அவளுடைய பதினெட்டாம் வயதிலேயே போய்ச்சேர்ந்துவிட்டார். தம்போயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடிகளைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. எங்கள் வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்ததில்லை. மீன் கழுவும்போதும் பேசுவாள், கோயிலில் பூசை நடக்கும்போதும் என் காதில் கிசுகிசுப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் பிள்ளை பெற்று வரும்வரை ரொம்பவே பிடிக்கும்.

தாய் இல்லாத பெண் என்பதால் பிள்ளைப்பேற்றுப் பத்தியமெல்லாம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அறைக்குப் புது ஏர்கோன் வந்தது. உடம்பு பிடித்துவிட ஒரு மலாய்க்கார அம்மா தினமும் வந்தார். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பெர்னார்ட் இரண்டு வாரம் லீவு போட்டான். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் என் பொறுப்பு. நான் கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். அந்த மாதம் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தைத்துக்கொண்டே குழம்பையும் பார்த்துக்கொண்டேன்.

அடுப்பைவிட என் வயிறுதான் அதிகம் எரிந்தது. காரணம் இருக்கிறது. என் மகன் ஜேடன் பிறந்தது 2020 ஏப்ரலில். கொரோனாவுக்காக எம்சிஓ போட்டு நாடே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நேரம். லாயாங் லாயாங்கிலிருந்து என் அம்மாவால் வர முடியவில்லை. வீடு தேடி வரும் கிளினிக் நர்ஸ் மிசிகூட போனில்தான் விசாரித்தார். பிள்ளையைப் பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். எட்டு மாதம் அப்படி ஓடியது, பிறகு எப்படியோ விட்டது. ஒருவரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன் அல்லவா, அதனால் என் மாமியார் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம், ரீத்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெருமை பேசுகிறார்.

பத்தாம் நாளிலிருந்து டோரிஸ் பேச்சைக் குறைத்தாள். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது என்னவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பேர் தாங்குகிறார்கள், இவளுக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

இருபதாம் நாள் கிளினிக்கிலிருந்து கஸ்தூரி மிசி வீட்டுக்கு வந்தார். டோரிஸின் பிரசவத் தையலைப் பார்த்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மலாயில் பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள் மனது எப்படி இருந்தது என்று. ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், ஒன்றில் டிக் போட வேண்டும். கொடுத்துவிட்டுப் பிள்ளையை நிறுக்க ஹாலுக்குப் போனார். பத்தியத்தில் இருக்கிறவள் எழுதவோ படிக்கவோ கூடாது, கண் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமியார் பேனாவை டோரிஸின் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்.

நான் வாசித்தேன். முன்புபோல் சிரிக்க முடிகிறதா என்பதற்கு, முன்ன மாதிரி இல்லக்கா என்றாள். நான் எப்போதும்போல என்பதில் டிக் போட்டேன். அழுகை வருகிறதா என்பதற்குத் தலையாட்டினாள். இல்லை என்று போட்டேன். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே எதுவும் செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்பது. அதற்கு அவள் பேனாவையே பார்த்தாள். ஒருபோதும் இல்லை என்று போட்டேன். எனக்கு யாரும் நீட்டாத தாள் இவளுக்கு மட்டும் ஏன்? அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. சொல்லிக்கொள்ளும்படியாக வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மிசி மார்க்கைக் கூட்டிப் பார்த்து, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், டோரிஸ் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. பிள்ளையின் சட்டைகளை எல்லாம் மடித்து அடுக்கியிருந்தாள்.

"அக்கா, இவன நீங்க வச்சுக்கங்க. உங்ககிட்ட இருந்தா நல்லா வருவான்."

எங்கே போகப்போகிறாய் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றாள். பிறகு, தான் இருந்து என்ன ஆகப்போகிறது என்றாள்.

"மாமி சொல்றப்பல்லாம் உங்கமேல பொறாமையா இருக்கும்க்கா. நீங்க அழவே இல்லையாமே."

என் கால் மெஷினில் அப்படியே நின்றுவிட்டது. என்மேல் பொறாமையாம். அவள் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மிசிக்குப் போன் போட்டேன். தாளில் இருப்பது அத்தனையும் பொய், நான்தான் மாற்றிப் போட்டேன் என்றேன். மிசி திட்டவில்லை. இப்போது டோரிஸ் தனியாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். என் கைக்குள் இருக்கிறாள் என்றேன். விடாமல் உடனே கூட்டிவரச் சொன்னார்.

மாமியார் வாசலை மறித்தார். நாற்பது நாள் முடியாமல் வெளிக்காற்று படக்கூடாதாம். அன்றுதான் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன்.

"நானும் அழுதேன், மாமி. எட்டு மாசம். உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் வழிவிட்டார்.

கிளினிக் டாக்டர் அவளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். ஒன்பது நாள் அங்கே இருந்தாள். இது நோய், சோம்பேறித்தனமோ விசுவாசக் குறைவோ இல்லை என்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம், ஆனால் அவள் தூங்கியாக வேண்டும் என்றார்கள். பெர்னார்ட் நடைபாதையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. எனக்காக அப்படி யார் அழுதார்கள்?

வீட்டுக்கு வந்தபின் முறை போட்டுக்கொண்டோம். காலையில் பிள்ளை என்னிடம், மதியம் மாமியாரிடம், மாலையில் பெர்னார்டிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட தாய்மார்கள் கூடிப் பேசுவார்கள். நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். உள்ளே பெண்கள் பேசும் சத்தம் கேட்கும்போது, எழுந்து போய் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாமா என்றிருக்கும். போனதில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் மீன் கழுவும்போது டோரிஸ் மறுபடி வளவளவென்று பேச ஆரம்பித்தாள். என் மாமியார் அடுப்படியில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மிசியிடம் போனில் சொன்னதை அவளிடம் நேராகச் சொன்னதே இல்லை. ஆறாம் மாதம், அந்தக் கூட்டம் முடிந்து வந்து அவள் காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"டோரிஸ், அன்னைக்கு மிசி குடுத்த தாள்ல நீ சொன்னத நான் எழுதல."

"தெரியும்க்கா. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவள் பின்சீட்டில் தூங்கிய பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அப்படிப்பட்ட நீங்களே இல்லைன்னு போட்டதும், இது நோவு இல்ல, என் கொழுப்புதான்னு நெனச்சிட்டேன்."

எனக்குக் காரைக் கிளப்ப முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கிச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, "நகருங்கக்கா, நான் ஓட்டுறேன்" என்றாள்.