கேப்டன் மறுத்த உத்தரவு

விசாரணை அறையில் என் கேப்டன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நான் அப்படி எந்த உத்தரவும் கொடுக்கலை." என் வேலை, மானம் எல்லாம் அன்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

சகோதர சகோதரிகளே, அது 1998. திண்டிவனத்துப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. இராணுவப் பொறியாளர் பிரிவில் நான் லெஃப்டினன்டாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வடகிழக்கு மலையில் ஓர் ஆற்றின்மேல் இரும்புப் பாலம் போட்டிருந்தோம். மழையில் ஒரு பக்கக் கரை இளகியிருந்தது.

"இன்னைக்கு லாரி வேணாம் சார்" என்றேன்.

"நான் பார்த்துக்கறேன், விடு" என்றார் கேப்டன்.

லாரியைக் கை நீட்டித் தடுத்தேன். அவர் கேட்காமல் ஓட்டுநரைப் போகச் சொன்னார். லாரி ஏறியதும் கரை சரிந்தது. ஓட்டுநரின் கால் நசுங்கியது. பழி என்மேல் விழுந்தது.

அவரை நான் அண்ணனாகவே நினைத்திருந்தேன். என் தங்கை திருமணத்துக்குத் திண்டிவனம் வந்து பந்தியில் பரிமாறியவர் அவர். அப்படிப்பட்டவரே கைவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு நடுவே பத்து நாள் விடுப்பு கிடைத்தது. விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் மூன்று பஸ்களை விட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நம்மூட்டு கண்ணாலத்துல சாம்பார் வாளிய தூக்கிக்கினு ஓடியாந்தாரே, அவரா?"

"அவருதாம்மா."

"நீ ஜெபம் பண்ணியா?"

"வரலம்மா. அவர் நாசமாப் போவணும்னுதான் வாயில வருது."

"அதையே சாமிகிட்ட சொல்லேன். அவருக்குத் தெரியாததா?"

பங்குக் கோயிலில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "ஆண்டவரே, எனக்காகப் பேச ஒருவரும் இல்லை" என்று அழுதேன்.

விசாரணையின் கடைசி நாள். மருத்துவமனையிலிருந்து அந்த ஓட்டுநர், தானே கேட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் வந்தார். அவரிடம் உதவி கேட்க எனக்குத் துணிவே வந்ததில்லை.

"கேப்டன் சாப் என் வண்டிப் பக்கத்துல நின்னுதான் போகச் சொன்னார். இவர் தடுத்தார்" என்றார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"பயம் சாப். ஆனா மனசு கேக்கலை."

நான் விடுவிக்கப்பட்டேன். கேப்டன் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காயம் இன்னும் வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறேன். அதன்பிறகு எனக்குக் கீழே வேலை செய்தவர்கள்மேல் என் தவறை நான் ஒருநாளும் சுமத்தியதில்லை. அந்த ஓட்டுநர் இப்போது கோலூன்றி நடக்கிறார். அதற்கும் நன்றி சொல்கிறேன்.

நீங்கள் நம்பியவரே உங்களைக் கைவிட்டாரா? மனம் ஆறட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். அந்தக் கசப்போடேயே போய் முழங்காலிடுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.