திரையில் சுற்றிய இம்பெல்லர்

தேனியில் எங்கள் பம்பு பட்டறைக்கு இம்பெல்லர் வரைந்து கொடுக்க வந்தவர் அவர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தைத்தான் இம்பெல்லர் என்போம். சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார்; அந்தக் கையில் ஒரு நாளும் கிரீஸ் பட்டதில்லை. யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். குறி சொல்லும் கோடாங்கி உடுக்கையை விடாத மாதிரி, மவுஸைப் பிடித்துத் திரையில் இம்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்காக அவர் வரைந்ததை இரும்பில் வார்த்து எடுத்து வந்தோம். பம்பில் பொருத்தப் போனால், பிளேடுகள் அத்தனையும் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. தண்ணீர் நுழையும் பக்கமிருந்து பார்த்து வரையச் சொல்கிறது மென்பொருள். இந்த மேதை மோட்டார் பக்கமிருந்து பார்த்து வரைந்திருக்கிறார். அங்கே தோட்டத்தில் கொடி வாடிக்கொண்டிருந்தது.

வார்ப்பைத் தூக்கிப் போய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"சார், பிளேடெல்லாம் மாத்தி வளைஞ்சு கெடக்கு. மோட்டாரு எந்தப் பக்கம் சுத்தும்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

இரும்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் இருந்த படம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது.

"இந்தா, சரியாப்போச்சு. இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா?"

"அப்ப இது?" என்று இரும்பைக் காட்டினேன்.

"அது பழைய ஃபைலு."

தோட்டக்காரர் வேறு இடத்தில் பம்பு வாங்கிக்கொண்டார். ஆடிக் காற்றில் பட்டறைக் கதவு அறையாமல் இருக்க அந்த இரும்பைத்தான் முட்டுக் கொடுக்கிறோம். அவர் செய்ததில் உருப்படியாக வேலை செய்வது அது ஒன்றுதான்.