டவுனுக்கு வாங்கிய ரேடியோ

அப்பாவின் பழைய ரேடியோ செத்துப்போன மாதத்தில்தான் கந்தப்பளையில் அத்தை படுத்த படுக்கையானார். அதனால் எங்கள் வீட்டில் ரேடியோ வாங்குவது திடீரென்று அவசர வேலையாகிவிட்டது. வெளியாருக்கு இது விசித்திரமாகப் படலாம். இரண்டாயிரத்தின் முதல் சில வருடங்கள் வரைக்கும் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால், தூரத்துச் சொந்தங்களுக்குச் சேதி போனது ரேடியோவின் மரண அறிவித்தலில்தான். வட்டவளையில் ஒருவர், கந்தப்பளையில் ஒருவர், நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே பள்ளத்தில் நாங்கள் என்று சிதறிக் கிடந்த குடும்பத்துக்கு யாரால் ஆளனுப்பிச் சொல்லி முடியும்? கைபேசி அப்போது தோட்டத்து மேலாளர்களான துரைமார் இடுப்பில்தான் தொங்கியது. "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று வாசித்துவிட்டால், வாசலில் வந்து நின்று சொன்ன மாதிரி. அதற்குப் பிறகும் வராதவரை யாரும் சேதி தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள். வர மனமில்லாதவர் என்றுதான் சொல்வார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஒரு பெண் இறந்தால் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சீலை போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். அதைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். அத்தையின் பிறந்த வீட்டில் உயிரோடு மிச்சமிருந்தவர் அப்பா ஒருவர்தான். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒருநாள் தவறாமல் மத்தியான அறிவித்தலைக் கேட்டார். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் மற்றவர்கள் எல்லாம் டிவிக்கு மாறிவிட்டார்கள். ஏதாவது அறிவித்தல் இருந்தால் அவர் வந்து சொல்வார் என்று இருந்துவிட்டார்கள்.

"தங்கச்சிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. காது இல்லாதவன் மாதிரி ஒக்காந்திருக்கேன். ஒரு ரேடியோ பாத்து எடுத்துக்கிட்டு வா" என்றார். நான் அப்போது ஹட்டனில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கலியாண கார்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வயதில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டால் ஹட்டன் என்பேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பேச்சில் டவுன் வாடையை ஏற்றிக்கொண்டு, லயத்தில் பிறந்தவன் என்பதை ஒரு தழும்பை மறைப்பது போல மறைத்துத் திரிந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

பஸ் நிலையத்துக்குக் கிட்டே இருந்த மின்சாமான் கடையில் அந்த ரேடியோவைக் கண்டதும் மனம் அதிலேயே நின்றுவிட்டது. இரண்டு கைகளுக்குள் அடங்கும் அளவு. மர நிறத்தில் உடம்பு, முன்பக்கத்தில் பித்தளை நிறச் சல்லடை, மேலே தோல் கைப்பிடி, பக்கத்தில் பெரிய வட்டக் குமிழ். பார்த்தால் ஐம்பது வருடப் பழைய ரேடியோ. ஆனால் முள் நகர வேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடி; குமிழைத் திருப்பினால் அதில் பச்சை இலக்கங்கள் ஓடின. அப்பனின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அது. அப்பாவுக்கு அந்தப் பழைய தோற்றம் பிடிக்கும், எனக்கு அந்த இலக்கம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர் அதை முடுக்கினார். மழை கழுவிய இலை மாதிரித் துப்புரவாகப் பாட்டு வந்தது.

"தோட்டத்துக்கா, டவுனுக்கா தம்பி?" என்று கேட்டார் அவர்.

சும்மாதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் டோர்ச் லைட் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"டவுனுக்குத்தான். ஏன், என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. தோட்டத்துக்குன்னா அந்தக் கறுப்பு செட்டத்தான் குடுப்பேன். டவுனுக்குன்னா இது தாராளமா போதும்."

தட்டின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. அது ஏன் தோட்டத்துக்கு, இது ஏன் டவுனுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். மர நிறப் பெட்டியைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் எஃப்எம் மட்டும்தான் இருந்தது. பழைய ரேடியோவில் நாங்கள் கேட்டது மீடியம் வேவ். அது எந்தப் பள்ளத்துக்குள்ளும் எப்படியாவது இறங்கி வரும். எஃப்எம் மலையைத் தாண்டாது. அச்சகத்தில் நாள் முழுக்க எஃப்எம் பாடிக்கொண்டிருந்ததால், எங்கள் லயத்திலும் அது பாடும் என்று நான் நினைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டில் வைத்துத் திருப்பினேன். இலக்கங்கள் அழகாக ஓடின. இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். ரேடியோவை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மலை மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அவர் சத்தம் கேட்டது.

"எடுக்குதுடா! நல்லா எடுக்குது!"

இறங்கி வந்து, "மழ நாளு, அப்படித்தான் இருக்கும். நாளைக்கு வீட்லயே எடுக்கும்" என்றார். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நம்பிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் அப்பாவும் அம்மாவும் அச்சகத்து வாசலில் வந்து நின்றார்கள். அப்பா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அம்மா என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார். அத்தை இறந்துவிட்டார். அடக்கமும் முந்தின நாளே முடிந்துவிட்டது. அன்று காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது, தோட்டத்தின் மேட்டுப் பிரிவான மேல் கணக்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி, "நாத்தனா சாவுக்கு நீங்க போகலியா? ரேடியோவுல சொன்னாங்களே" என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் அம்மாவுக்கே தெரிந்தது.

"அந்த ரேடியோ வீட்ல ஒருநாளும் எடுக்கலடா. ஒங்கப்பா தெனமும் மத்தியானம் அத ஒரு பையில சுத்திக்கிட்டு டேங்குக்கு ஏறுவாரு. நின்னு கேட்டுட்டு எறங்குவாரு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நாலு நாளா அடமழ. வழுக்கி விழுந்து முட்டி வீங்கிப்போச்சு. ரெண்டு நாள் ஏறல. அந்த ரெண்டு நாள்லதான்..."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போக எனக்குக் கால் வரவில்லை.

அவர்தான் எழுந்து வந்தார். "ஒரு சீலை எடுக்கணும். மண்ணு மூடிட்டாலும் வெறுங்கையோட போகக் கூடாது. நீயே பாத்து எடு, ஒனக்குத்தான் நல்லா எடுக்கத் தெரியும்" என்றார். குத்திக்காட்டும் மனிதர் இல்லை அவர். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். கடையில் எந்தச் சீலையைத் தொட்டேன் என்று எனக்கு இப்போதும் ஞாபகமில்லை.

கந்தப்பளையில் அத்தையின் வீட்டு வாசலில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. மொட்டையடித்த தலையோடு அத்தையின் மகன் எழுந்து வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

"மூணு தடவ வாசிச்சாங்க மாமா" என்றான். "பொணத்த வச்சிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் பாதையப் பாத்துக்கிட்டே இருந்தோம். கடைசியில பக்கத்து வீட்டுக்காரங்க போட்ட சீலையோட போச்சு எங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"கேட்டேன்ப்பா" என்றார். "காலு முடியல. வர முடியாமப் போச்சு."

"கேட்டீங்களா?" அவன் குரல் உடைந்தது. "கேட்டுட்டா வரல? காலு முடியலன்னா மகன அனுப்பியிருக்கலாமே மாமா."

பந்தலில் இருந்த ஆட்கள் எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். அவர் சீலையை விளக்கருகே வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் அவர் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில், "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவப் பறிகொடுத்தவன், கோவம் இருக்கத்தான் செய்யும். கருமாதிக்குள்ள ஆறிரும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஒரு ரேடியோ பாத்து வாங்கத் தெரியலன்னு அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது" என்றார்.

கோபம் ஆறவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு நாங்கள் போனபோது, வாங்க என்று கேட்க ஆளில்லை. கருமம் செய்த மகனுக்கு அன்று தாய்மாமன்தான் தலையில் உருமா கட்ட வேண்டும். புதுத் துண்டால் தலைப்பாகை கட்டி அவனைத் திரும்பவும் ஊரோடு சேர்த்துவிடுகிற சடங்கு அது. அத்தையின் மகன் வட்டவளையிலிருந்து ஒன்றுவிட்ட மாமா ஒருவரை வரவழைத்திருந்தான். சொந்த மாமாவான அப்பா, தான் வாங்கி வந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அது சபைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன்.

"அப்பா கேட்டேன்னு சொன்னது பொய்" என்றேன். "அவரு கேக்கல. கேக்க முடியல. நான் வாங்கிக் குடுத்த ரேடியோ பள்ளத்துல எடுக்காது. அவரு தெனமும் மலையேறிப் போய்க் கேட்டாரு. விழுந்து கெடந்த ரெண்டு நாள்தான் போகல. கடக்காரரு என்கிட்ட, தோட்டத்துக்கான்னு கேட்டாரு. டவுனுக்குன்னு சொல்லிட்டேன். தோட்டம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அங்கே இருந்த அத்தனை பேரும் தோட்டத்து ஆட்கள். ஒரு கிழவர் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

"எதுக்குடா இப்ப இது" என்று அப்பா வேலியோரமிருந்து அதட்டினார்.

அத்தையின் மகன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு வேலிப் பக்கம் போனான். அப்பாவுக்கு முன்னால் ஈரத் தரையில் மண்டி போட்டுத் தலையைக் குனிந்தான்.

அப்பா துண்டை எடுத்தார். ஒரு சுற்று வருவதற்குள் துண்டு நழுவித் தோளில் விழுந்தது. இரண்டாம் தடவையும் நழுவியது. அதுவரைக்கும் அழாத மனிதர், துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஆரம்பித்தார்.

அவன் தலையை நிமிர்த்தாமலே கையை உயர்த்தித் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா கட்டுங்க மாமா" என்றான். "அவசரமில்ல."