கையில் நின்ற சோறு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் என் வீட்டுக்காரர் மன்மதன் வேஷம் கட்டினால் ஒருவரும் வேறு பக்கம் திரும்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் கப்பலேறி மதராசுக்குப் போனார். ஒரு படத்தில் ஒரே ஒரு காட்சி கிடைத்தது, அதுவும் ஒரு பெரிய நடிகரோடு. பிறகு யாரும் கூப்பிடாததால் திரும்பி வந்து, பழையபடி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார்.

படம் ஹட்டன் டவுனுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்து வீட்டுச் சனமெல்லாம் படக் கொட்டகைக்குப் போனது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காட்சியில் வசனம் முழுவதும் இவருக்குத்தான். அண்ணனாக நின்று தம்பியைத் திட்டித் தீர்த்தார். தம்பியாக வந்த பெரிய நடிகருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்தக் கையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவரைப் பார், இவரைப் பார் என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன். அதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. யாரும் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

“நல்லா பேசுனீங்க,” என்றேன்.

“என்னையப் பாத்தியா புள்ள?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என் தலையில் கம்பளியை இழுத்துவிட்டார். “விடு. நானும் அந்தச் சோத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மாசியில் மன்மதன் வேஷத்துக்கு அழைக்க வந்தவர்களிடம், “வேற ஆளப் பாருங்க,” என்றார். உள்ளே நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். என்ன சொல்லி அவரைப் போகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.