டீசலைக் குடித்தது நாசில், பழி எனக்கு

திண்டிவனம் உதிரிபாகக் கடைக்காரரே, என்னைத் திருடனாக்கியது நீங்கள்தான்.

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். டீசல் மிச்சமாகும் என்று சொல்லி, இன்ஜினில் டீசலைப் பீய்ச்சும் புது நாசில்களை என் முதலாளி தலையில் கட்டினீர்கள். மாட்டியதிலிருந்து ஒரே கரும்புகை. டீசல் தண்ணீராய்ப் போனது.

"வண்டி குடிக்குதா, நீ வித்துக் குடிக்கிறியாடா?" என்று மண்டியில் எல்லோர் முன்னாலும் முதலாளி கேட்டார்.

"நீங்களே பக்கத்துல குந்திக்கினு வந்து பாருங்க மொதலாளி" என்றேன். வந்தார். பாதி வழியிலேயே டாங்கி காலி. பழைய நாசில்களைத் திரும்ப மாட்டியதும் புகை நின்றது, டீசலும் முன்போல் தாங்கியது. ஆனால் மண்டியில் அவர் வாய் திறக்கவில்லை. அங்கே நான் இன்னும் டீசல் திருடன்தான்.

இப்போதெல்லாம் புது சாமான் மாட்டினால், முதல் நடைக்கு முதலாளியையும் ஏற்றிக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறேன்.

கடைக்காரரே, விற்றது போலிச் சாமானா இல்லையா? இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள். மண்டிக்காரர்கள் படிக்கட்டும்.