முதுகில் துடுப்புள்ள மீன்

கோடையில் எங்கள் ஊர் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததைக் கரையில் குவித்து வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். விரால் எல்லாம் நிலமுள்ளவர்கள் வீட்டுக்குப் போகும். முடி திருத்தும் எங்கள் வீட்டுக்கு வருடா வருடம் சொட்டைவாளைதான். சவரக் கத்தி போல் தட்டையான மீன், உடம்பெல்லாம் முள். அதற்கு எங்கள் சாதிப் பெயரை ஒட்டி ஊரில் இன்னொரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

"உன் மீனு வந்துகீது, எடுத்துக்கினு போடா" என்பார் பங்கு வைப்பவர். நைனாவைவிட வயதில் சின்னவர். நைனா சிரித்துக்கொண்டே துண்டை விரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலேஜில் விலங்கியல் வகுப்பில் அந்த மீனின் குடும்பப் பெயரைச் சொன்னார்கள்: நோட்டாப்டெரிடே. முதுகு, துடுப்பு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. முதுகில் இறகு மாதிரி ஒரு சின்னத் துடுப்பு இருக்கிறதே, அதனால். அவ்வளவுதான். கத்தியும் இல்லை, சாதியும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போய் நைனாவிடம் சொன்னேன். நான்கைந்து முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன், பாவி.

அடுத்த கோடையில் "உன் மீனு" என்றபோது நைனா துண்டை விரிக்கவில்லை.

"அது பேரு நோட்டாப்டெரிடேங்க. முதுவுல துடுப்பு கீதுன்னு அர்த்தம். எம் பொண்ணு படிச்சிக்கினு வந்து சொல்லிச்சி."

கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில் நைனா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ சொன்னது நெஜந்தானம்மா?"

"நெஜந்தான் நைனா."

"அப்ப சரி."

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் 'துடுப்பு'. "டேய் துடுப்பு, வந்து ஷேவ் பண்ணிட்டுப் போ" என்று சின்னப் பையன்கள்கூடக் கூப்பிட்டார்கள். நைனா போனார். என்னிடம் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். போன வருடம் அவர் இறந்த அன்று, மாலையோடு வந்த ஒருவர் வாசலில் நின்று, "துடுப்பு பூட்டானா?" என்றுதான் கேட்டார்.

இப்போது நானே விலங்கியல் நடத்துகிறேன். பாடத்தில் அந்த மீன் குடும்பம் வரும்போது பெயரைப் பலகையில் எழுதிவிடுவேன். அர்த்தம் கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த மீனுக்குப் போய்விடுவேன்.