மாமா மகனின் கான்வாஸ் ஷூ

சீனச் சண்டை முடிந்த மறு வருடம், பொள்ளாச்சிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்கு மாமாவின் மகன் லீவில் வந்தான். ராணுவ அகாடமியில் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அதே அகாடமிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு என் அண்ணன் தேர்வுக்குக் காத்திருந்தான். எனக்குப் பத்து வயது. அண்ணனைவிடப் பலசாலி உலகத்தில் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

அந்த நம்பிக்கையை அப்பா முதல் நாளே கெடுத்தார். தையல்காரரிடம் டேப் வாங்கி வந்து இருவர் மார்பையும் அளந்தார். பிறகு வேப்பமரக் கிளையில் தொங்கி உடம்பைத் தூக்கச் சொன்னார். ஆறாவது தடவையில் அண்ணன் காலை உதைத்துக்கொண்டு விழுந்தான். மாமா மகன் பதினெட்டு தடவை தூக்கிவிட்டு, மூச்சுகூட வாங்காமல் இறங்கினான்.

"பாத்தியாடா? போன வருசம் இவனும் உன்னையாட்டத்தான் இருந்தான்" என்றார் அப்பா.

அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. மாமா மகனுக்கு மட்டும் ஆறிப்போன இட்லியாகப் பொறுக்கி வைத்தேன். அதிலும் எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் வாய்க்கால் வரை போய்த் திரும்பும் ஓட்டப்பந்தயம் என்றார் அப்பா. மாமா மகன் பல் விளக்கப் போன நேரம் பார்த்து, அவனுடைய கான்வாஸ் ஷூவைக் கிணற்றில் போட்டேன்.

வெறுங்காலோடு ஓடினான். வழியெல்லாம் நெருஞ்சி முள். அப்படியும் அவன்தான் முதலில் வந்தான். வெகு நேரம் கழித்து வந்த அண்ணன் வரப்பிலேயே படுத்துவிட்டான். அம்மா ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்து முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள்.

"போதுஞ் சாமி, எந்திரி. மோர் கொண்டாரட்டுமா?"

மாமா மகன் தள்ளி உட்கார்ந்து, ரத்தம் கசிந்த பாதத்திலிருந்து முள்ளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தான். வலிக்கிறதா என்று பார்க்கவே பக்கத்தில் போனேன்.

"ஷூவை என்ன பண்ணுன அம்மணி?"

"கெணத்துல போட்டுப்போட்டேனுங்க."

அப்பாவிடம் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவனோ அம்மாவையும் அண்ணனையுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கண்ணன் குடுத்து வெச்சவன்" என்றான்.

தோற்றவனைக் கேலி செய்கிறான் என்று நினைத்து, லீவு முடிந்து ஊருக்குப் போகும்வரை அவனோடு நான் பேசவில்லை. அண்ணன் அந்தத் தேர்வில் தேறாமல் மில் வேலைக்குப் போனதற்கும் அவன்மேல்தான் கோபப்பட்டேன். அவனுடைய அம்மா இறந்துபோனது அன்றைக்கே எனக்குத் தெரிந்த விஷயந்தான். ஜெயித்தவனுக்கும் பொறாமை வரும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.